பட்டியலில் இல்லாத சிறுவன்

2012 டிசம்பர் 3, 4 ஆகிய அடுத்தடுத்த இரு நாட்களில், கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில், ஒரே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஒரே சட்டத்தைப் படித்துவிட்டு எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தார்கள். நீதிபதி வில்லியம் ஷப், வழக்குத் தொடுத்த மூவரின் அளவில் சட்டத்தை நிறுத்தி வைத்தார். மறுநாள் நீதிபதி கிம்பர்லி முல்லர், வேறொரு தரப்பினர் கேட்ட அதே தடையை மறுத்தார். நீதிபதிகள் முரண்படுவது புதிதல்ல. என்னைப் பிடித்து நிறுத்தியது ஷப் தமது உத்தரவில் எழுப்பிய ஒரு ஐயம். சட்டம் முன்வைக்கும் தீங்கு பற்றிய ஆதாரங்கள் அறிவியல் நோக்கில் முழுமையற்றவை, அந்த ஆய்வுகளில் சிறார்களே இடம்பெறாமல் இருந்திருக்கலாம் என்றார் அவர்.

சட்டமோ சிறார்களுக்காகவே இயற்றப்பட்டது. அதன் எண் எஸ்.பி. 1172. செனட்டர் டெட் லியூ கொண்டுவந்த மசோதா. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2012 செப்டம்பர் இறுதியில் கையெழுத்திட்டார். கன்வெர்ஷன் தெரபி என்று பரவலாக அறியப்படும் முறையை, அதாவது ஒருவரின் தன்பாலீர்ப்பைச் சிகிச்சையால் மாற்றிவிடலாம் என்று செய்யப்படும் முயற்சியை, 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் மேற்கொள்ள அது தடை விதித்தது. அமெரிக்க மாநிலங்களில் இப்படியொரு சட்டம் இதுவே முதல். அப்படியிருக்க, ஷப்பின் ஐயம் சரியா? சட்டத்தின் ஆதாரங்களில் சிறார்கள் இருக்கிறார்களா, இல்லையா? ஒவ்வொரு சான்றையும் அதன் மூலம் வரை தேடிப் போய்ப் பார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

முதலில் சட்டத்தின் உடலமைப்பு. நடைமுறைக்கு வரும் பகுதி மிகச் சிறியது. தொழில்கள் பற்றிய மாநிலச் சட்டத் தொகுப்பில் 865, 865.1, 865.2 என்று மூன்று பிரிவுகள், அவ்வளவுதான். சிறைத் தண்டனை கிடையாது. உரிமம் பெற்ற மனநல நிபுணர் மீறினால் அது தொழில் ஒழுக்கக்கேடு. உரிமம் தந்த வாரியம் நடவடிக்கை எடுக்கும். உரிமம் பெறாத மதபோதகர் இதன் வரம்புக்குள் வரமாட்டார். (சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவும் இதே வழியில்தான் சென்றது. இத்தகைய 'சிகிச்சை' தருபவர்களின் உரிமத்தைப் பறிப்பது உள்ளிட்ட நடவடிக்கைகளை அது கோரியது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அங்கே சட்டமன்றம் செய்ததை இங்கே நீதிமன்றம் தொடங்கி வைத்தது.)

அந்த மூன்று பிரிவுகளுக்கு முன்னால் ஒரு நீண்ட முகப்பு இருக்கிறது. 'சட்டமன்றம் கண்டறிந்து அறிவிப்பவை' என்ற வகையைச் சேர்ந்தது அது. இந்தச் சட்டம் ஏன் தேவை என்பதற்கான காரணங்களைச் சட்டமன்றமே வரிசையாகப் பதிவு செய்யும் இடம். நாளை வழக்கு வந்தால் நீதிபதி முதலில் புரட்டும் பக்கமும் இதுவே.

முகப்பின் முதல் கூற்றைச் சரிபார்ப்பது எளிது. தன்பாலீர்ப்பு நோயல்ல என்பதை அமெரிக்காவின் முதன்மையான மனநல அமைப்புகள் 'ஏறத்தாழ 40 ஆண்டுகளாக' ஏற்றிருக்கின்றன என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்க முடிவெடுத்தது 1973 டிசம்பரில். 2012-லிருந்து கழித்தால் 39. கணக்குச் சரி.

அடுத்து வருபவை நிறுவனங்களின் நிலைப்பாடுகள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1993, அமெரிக்க மருத்துவச் சங்கம் 1994, சமூகப் பணியாளர் சங்கம் 1997, ஆலோசகர் சங்கம் 1999, மனநல மருத்துவர் சங்கம் 2000 என்று நீண்டு, குழந்தைகள்–வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவக் கழகத்தின் 2012 வழிகாட்டுதல் வரை வருகிறது. இவற்றில் முதலாவதும் கடைசியும் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களின் குரல்; எனவே சிறார்கள் பட்டியலில் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இவை அனுபவமுள்ள தொழில்முறை வல்லுநர்கள் கூடி எடுத்த நிலைப்பாடுகள். இத்தனை சிறார்களுக்கு இந்தச் சிகிச்சை தந்தோம், இன்னது நேர்ந்தது என்று அளந்து பார்த்தவை அல்ல.

அளந்து பார்த்ததைத் தேடினால் இரண்டு சான்றுகள் மிஞ்சுகின்றன. ஒன்று, அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழுவின் 2009 அறிக்கை. ஜூடித் கிளாஸ்கோல்ட் தலைமையிலான அந்தக் குழு, 1960 முதல் 2007 வரை ஆங்கிலத்தில் வெளியான 83 ஆய்வுகளைப் பரிசீலித்தது. பாலீர்ப்பை மாற்ற முடியும் என்று நிறுவும் தரமான சான்று இல்லை என்பது அதன் முடிவு. அத்தோடு நிற்கவில்லை. ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் வெள்ளையின ஆண்கள் என்றும், தரமான ஆய்வுகள் மிகக் குறைவு என்றும் குழுவே எழுதியிருக்கிறது. எத்தனை பேருக்குத் தீங்கு நேர்கிறது என்று துல்லியமாகச் சொல்லும் ஆய்வும் அதன் கையில் இல்லை. சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. தீங்கு 'விளைவிக்கிறது' என்று அது சொல்லவில்லை. 'விளைவிக்கக்கூடும்' என்றே சொல்கிறது. சிறார்களிடம் செய்யப்பட்ட பாலீர்ப்பு மாற்று முயற்சிகளைப் பொறுத்தவரை அறிக்கையின் கை வெறுமையாகவே இருந்தது. இதுவரை ஷப்பின் பக்கம்தான் தராசு சாய்கிறது.

இரண்டாவது சான்றில் ஓர் எண் இருக்கிறது: 8.4. வளரிளம் பருவத்தில் குடும்பத்தாரின் கடுமையான நிராகரிப்புக்கு ஆளானவர்கள், தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லும் வாய்ப்பு 8.4 மடங்கு அதிகம் என்கிறது சட்டம். மன அழுத்தத்துக்கு 5.9 மடங்கு, போதைப்பொருளுக்கு 3.4. மூலத்தையும் பெயரோடு குறிப்பிடுகிறது. கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அது.

கட்டுரையைத் திறந்தால் முதலில் தெரிவது, அது சிகிச்சையைப் பற்றியதே அல்ல என்பது. கலிஃபோர்னியாவில் வாழும் 21 முதல் 25 வயதுக்குட்பட்ட 224 பேரிடம், வீட்டில் தாங்கள் எப்படி நடத்தப்பட்டோம் என்று கேட்டுத் தொகுத்த ஆய்வு. நிராகரிப்புக்கும் துன்பத்துக்கும் உள்ள தொடர்பை அது காட்டுகிறது. சட்டமும் இதை மறைக்கவில்லை. 'குடும்ப நிராகரிப்பு' என்றே எழுதியிருக்கிறது. பெற்றோர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் மருத்துவர் முன் உட்கார வைப்பதும் நிராகரிப்பின் ஒரு வடிவம்தானே என்ற அடுத்த படியை மட்டும் வாசகரிடம் விட்டுவிடுகிறது. நியாயமான ஊகம்தான். ஆனாலும் அது ஊகமே.

இரண்டாவதாகத் தெரிவது இன்னும் நுட்பமானது. 8.4 மடங்கு என்பதற்கு முன்னால், 'ஆட்ஸ் ரேஷியோவின் அடிப்படையில்' என்ற தொடர் கட்டுரையின் சுருக்கத்தில் இருக்கிறது. சட்டத்தில் அந்தத் தொடர் இல்லை. ஆட்ஸ் என்பது நடந்ததற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதம். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு குழுவில் 100-க்கு 20 பேர் என்றால் ஆட்ஸ் 20-க்கு 80, அதாவது 0.25. இன்னொரு குழுவில் 100-க்கு 68 என்றால் 68-க்கு 32, அதாவது 2.125. இரண்டையும் வகுத்தால் எட்டரை வரும். ஆனால் 20 பேர் 68 பேராவது 3.4 மடங்குதான். நிகழ்வு அரிதாக இருந்தால் இரண்டு கணக்குகளும் ஒட்டிப்போகும். பரவலாக இருந்தால் ஆட்ஸ் ரேஷியோ வெகுவாக உயர்ந்து தெரியும். ரயனின் ஆய்வு தவறென்று இதற்குப் பொருளில்லை. மூன்று மடங்கே அச்சமூட்டும் உயர்வு. எண்ணைச் சரியாகப் படிக்க உதவும் ஒரு தொடர் வழியில் உதிர்ந்துவிட்டது என்பதே செய்தி.

ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர்கள் எந்த ஏட்டைப் பார்த்து எந்த ஏடு எழுதப்பட்டது என்பதை, இரண்டிலும் ஒரே இடத்தில் விடுபட்ட சொல்லைக் கொண்டு கண்டுபிடிப்பார்கள். அந்த உத்தி இங்கேயும் பலித்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி இதே வகைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் முகப்பிலும் அதே அமைப்புகள், பெரும்பாலும் அதே வரிசை, அதே 8.4. அங்கேயும் அந்தத் தொடர் இல்லை. நியூ ஜெர்சிச் சட்டம் ரயனின் கட்டுரையிலிருந்து பிறக்கவில்லை, கலிஃபோர்னியாவின் சட்டத்திலிருந்தே பிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மேல்முறையீட்டில் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் சட்டத்தை நிலைநிறுத்தியது. நீதிபதி சூசன் கிரேபர் எழுதிய தீர்ப்பு ஷப்பின் ஐயத்துக்கு நேர்விடை தரவில்லை. அதற்குத் தேவையும் இல்லாமல் செய்துவிட்டது. இது பேச்சைத் தடுக்கும் சட்டமல்ல, சிகிச்சை என்ற தொழில்சார் செயலை ஒழுங்குபடுத்தும் சட்டம் என்று அது கருதியது. அப்படியானால் சட்டமன்றம் நியாயமான காரணம் ஒன்றை வைத்திருந்தாலே போதும். ஐயமற நிறுவ வேண்டியதில்லை. வழக்கு முடிந்தது. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. சட்டத்தைப் பொறுத்தவரை அப்போதைக்கு இது விடை. சுவடு தேடுபவருக்கு இது போதாது.

எனவே கேள்வியைத் திருப்பிப் போட்டேன். சட்டத்தின் பட்டியலில் ஆய்வுக்கு உள்ளான சிறார் இல்லை. சரி, அமெரிக்க ஆய்வு இலக்கியத்திலும் இல்லையா? இருக்கிறார்கள். அதுவும் கலிஃபோர்னியாவிலேயே.

'ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்' இதழின் 1974-ஆம் ஆண்டுத் தொகுதி, பக்கம் 173 முதல் 190 வரை. எழுதியவர்கள் ஜார்ஜ் ரேக்கர்ஸ், ஓ. ஐவார் லோவாஸ். லோவாஸின் பெயர் ஆட்டிசம் குழந்தைகளுக்கான பயிற்சிமுறை வழியாகப் பலருக்கும் தெரிந்திருக்கும். இடம் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். ஆய்வுக்கு உள்ளானவர் ஒரே ஒரு சிறுவன். கட்டுரை அவனுக்குக் 'கிரேக்' என்று புனைபெயர் வைக்கிறது. தொடக்கத்தில் அவன் வயது நான்கு ஆண்டு, பதினொரு மாதம்.

இந்தப் பதினெட்டுப் பக்கங்களின் மொழியில் கோபமில்லை, இரக்கமும் இல்லை, வரைபடங்கள் இருக்கின்றன. விளையாட்டு அறை. மேசைமீது ஒரு பக்கம் 'ஆண் பிள்ளை'ப் பொம்மைகள், மறுபக்கம் 'பெண் பிள்ளை'ப் பொம்மைகள். தாய் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்; ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளுக்கு அறிவுரை வருகிறது. மகன் துப்பாக்கியை எடுத்தால் அவள் புன்னகைக்க வேண்டும், பாராட்ட வேண்டும். பொம்மைக் குழந்தையை எடுத்தால் பார்க்காததுபோல் ஒரு புத்தகத்தைக் கையிலெடுத்துப் படிக்கத் தொடங்க வேண்டும். வீட்டில் வில்லைகள். ஆணுக்குரிய நடத்தைக்கு நீல வில்லை. அதைக் கொடுத்தால் இனிப்பு கிடைக்கும். பெண்ணுக்குரியதென்று கருதப்பட்ட நடத்தைக்குச் சிவப்பு வில்லை. சிவப்பு சேர்ந்தால் நீலம் கழியும், தனியே உட்கார வேண்டும், அல்லது தந்தை கையால் அடி. இதில் எதையும் பின்னாள் விமர்சகர்கள் தோண்டி எடுக்கவில்லை. ஆய்வாளர்களே முறையியல் பகுதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிகிச்சை தொடங்கி மூன்றாண்டுக்குப் பின் சிறுவனின் நடத்தை இயல்பாகிவிட்டதாகச் சுருக்கம் முடிகிறது.

அதே இதழில் 1977-ல் மறுப்புகள் வந்தன. ஆண் குழந்தை எப்படி விளையாட வேண்டும் என்ற ஊர்வழக்கத்தையே நலத்தின் அளவுகோலாக்கலாமா என்று சக நடத்தையியலாளர்களே கேட்டார்கள். ரேக்கர்ஸ் பதில் எழுதினார். பிறகு நெடுங்காலம், தம் வெற்றிக்குச் சான்றாகக் கிரேக்கைக் குறிப்பிட்டுவந்தார். ஃப்ளோரிடாவில் தன்பாலீர்ப்பாளர்கள் பிள்ளைகளைத் தத்தெடுக்க இருந்த தடையைக் காக்க மாநில அரசு 2008-ல் அவரை நிபுணர் சாட்சியாக அழைத்தது. நீதிபதி அவருடைய சாட்சியத்தை நம்பத்தக்கதாக ஏற்கவில்லை.

கிரேக் என்ன ஆனான்? ஒரு சுவடு இன்னொரு நூலில் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் கிரீன் 1987-ல் வெளியிட்ட 'தி சிஸ்ஸி பாய் சிண்ட்ரோம்' என்ற நூல், பெண்மைச் சாயலுள்ளவர்களென்று கருதப்பட்ட சிறுவர்களைப் பதினைந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு. வளர்ந்தபின் மறுபடி பேட்டி காண முடிந்த 44 பேரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உடையவர்களாக இருந்தார்கள். சிகிச்சை பெற்றதால் முடிவு மாறியதாகத் தெரியவில்லை. அந்த நூலில் 'கைல்' என்றொருவர் வருகிறார். 2011-ல் ஜிம் பர்ரவே என்ற எழுத்தாளரும் சி.என்.என். தொலைக்காட்சியும் நடத்திய விசாரணைகள் வெளிவந்தபோது, கிரேக்கும் கைலும் ஒருவரே என்பது துலங்கியது. இரண்டு ஆய்வாளர்கள், இரண்டு புனைபெயர்கள், ஒரே மனிதர். 2003-ல், 38 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். சிவப்பு வில்லைகள் சேரச் சேரத் தம்பிக்கு அடி விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவற்றில் சிலவற்றை எடுத்துத் தன் கணக்கில் வைத்துக்கொண்டதாக அண்ணன் சொன்னார்.

இங்கே நிதானம் வேண்டும். குடும்பத்தார் சிகிச்சையையே காரணமாகச் சொல்கிறார்கள். ரேக்கர்ஸ் அதை மறுத்தார். அப்படித் தொடர்புபடுத்துவது அறிவியலாகாது என்றார். ஒரு மனிதரின் சாவுக்கும் முப்பதாண்டுக்கு முந்தைய சிகிச்சைக்கும் காரண–காரியத் தொடர்பை எந்த ஆவணத்தாலும் நிறுவ முடியாதென்பது உண்மைதான். ஆனால் அந்த வாதம் இருபுறமும் வெட்டும். ஒரே சிறுவனை வைத்து வெற்றியை அறிவித்தவர், அதே ஒருவரை வைத்துத் தோல்வியைச் சொல்லக்கூடாது என்கிறார். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: இயல்பாகிவிட்டான் என்ற முடிவுரை பொய்த்தது. அவர் தன்பாலீர்ப்பாளராகவே வாழ்ந்தார்.

இந்தச் சிறுவன் எஸ்.பி. 1172-இன் முகப்பில் எங்கும் இல்லை. ஆனால் மசோதாவின் வெவ்வேறு வடிவங்களை அருகருகே வைத்துப் படித்தபோது வேறோர் இடத்தில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. தொடக்க வடிவங்கள் இறுதி வடிவத்திலிருந்து நிறையவே வேறுபடுகின்றன. வயது வந்தவர்களிடம் எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும் என்றிருந்தது. பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்கலாம் என்றும் இருந்தது. இரண்டும் பின்னர் நீங்கின. தடைசெய்யப்படும் செயலின் வரையறையும் மாறியது. முந்தைய வடிவம், தன் பாலினத்தவர்மீது ஒருவருக்கு உள்ள விருப்பம், ஈர்ப்பு, நடத்தை ஆகியவற்றை மாற்ற நோக்கும் உளச்சிகிச்சை என்று வரையறுத்தது. இறுதி வடிவமோ, நடத்தைகளை அல்லது 'பாலின வெளிப்பாடுகளை' மாற்றும் முயற்சிகளும் இதில் அடங்கும் என்கிறது. நடை, உடை, பேச்சு, விளையாட்டு ஆகியவற்றில் ஆண்மையோ பெண்மையோ வெளிப்படும் விதம் என்று இதை விரித்துக்கொள்ளலாம்.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குத் தன்பாலீர்ப்பு உண்டா என்று கேட்பதே அபத்தம். கிரேக்கிடம் மாற்ற முயன்றது அவன் எந்தப் பொம்மையை எடுத்தான், எப்படிக் கையசைத்தான் என்பதைத்தான். ஆகவே முந்தைய வரையறைப்படி, 1974-இன் ஆய்வறை சட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்று ஒரு வழக்கறிஞர் வாதிட்டிருக்கலாம். இறுதி வரையறையில் அந்த வாதம் நிற்காது.

வரைவாளர்கள் அவனை நினைத்துத்தான் அந்தச் சொல்லைச் சேர்த்தார்களா? சி.என்.என். விசாரணை ஒளிபரப்பானது 2011 ஜூனில். மசோதா அறிமுகமானது 2012 பிப்ரவரியில். இடைவெளி எட்டே மாதம். கவர்ச்சியான பொருத்தம், ஆகவே கூடுதல் எச்சரிக்கை தேவை. 'பாலின வெளிப்பாடு' ஏற்கெனவே கலிஃபோர்னியாவின் பாகுபாட்டுத் தடைச் சட்டங்களில் இடம்பெற்றுவிட்ட சொல். அங்கிருந்து இயல்பாகவே வந்திருக்கலாம். மசோதாவின் வடிவங்கள் இருப்பதைக் காட்டும். ஏன் என்பதைச் சொல்லாது. இந்த வழக்கில் நான் ஒப்புக்கொள்ளும் உறவு, சொல்லுக்கும் சிறுவனுக்கும் இடையிலான பொருத்தம் மட்டுமே. 'பாலின வெளிப்பாடு' என்ற சொல்லும் 8.4-ஐப் போலவே பயணம் செய்தது. நியூ ஜெர்சி அதோடு பாலின அடையாளத்தையும் சேர்த்துக்கொண்டது. கொலராடோ இதே வகையில் 2019-ல் இயற்றிய சட்டத்திலும் அது இருக்கிறது.

ஷப் கேட்ட வகைச் சான்றுக்கு நெருங்கியது பிற்பாடுதான் வந்தது. ரயனும் அவர் குழுவினரும் 2018 இறுதியில் வெளியிட்ட ஆய்வு, 245 இளையோரிடம் நேரடியாகவே கேட்டது: வளரிளம் பருவத்தில் உன்னை மாற்ற யார் முயன்றார்கள்? எந்த முயற்சிக்கும் ஆளாகாதவர்களில் 22 சதவீதத்தினர் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார்கள். பெற்றோர் முயன்றிருந்தால் 48 சதவீதம். பெற்றோரோடு சிகிச்சையாளரோ மதத்தலைவரோ சேர்ந்திருந்தால் 63. இம்முறை எண்கள் நேரான சதவீதங்கள். ஆயினும் இதுவும் பின்னோக்கிக் கேட்ட ஆய்வு. உரிமம் பெற்ற ஆலோசகரையும் மதபோதகரையும் தனித்தனியே பிரித்துக் காட்டவில்லை. கொலராடோச் சட்டத்தின்மீது 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோது, வழக்குத் தொடுத்த ஆலோசகரின் தரப்பு அழுத்திப் பிடித்தது இந்த இடைவெளியைத்தான். உரிமம் பெற்றவர், சிறார், வெறும் பேச்சுவழிச் சிகிச்சை என்ற மூன்றையும் ஒருசேரத் தனித்தெடுத்த ஆய்வு எங்கே என்று அது கேட்டது. அப்படியொரு ஆய்வைச் செய்ய வேண்டுமானால், தீங்கு நேரக்கூடுமென்று மருத்துவ அமைப்புகள் எச்சரித்த ஒன்றைச் சிறார்களிடம் செய்து பார்க்க வேண்டும். எந்த நெறிமுறைக் குழு அனுமதிக்கும்?

1974-இல் அனுமதிக்கு அவ்வளவு தடை இருக்கவில்லை. அந்தக் கட்டுரையை இதழ் இன்றுவரை திரும்பப் பெறவில்லை. 2020-ல் ஒரு கவலைக் குறிப்பை மட்டும் வெளியிட்டது. அக்காலத்தில் இத்தகைய ஆய்வு ஏற்கப்பட்டிருந்த சூழலையும், அதனால் விளைந்த தீங்கு குறித்த கவலையையும் அது பதிவு செய்கிறது. கட்டுரை அப்படியே இருக்கிறது: நீல வில்லை, சிவப்பு வில்லை, வரைபடங்கள், பக்கம் 173 முதல் 190 வரை.